மகள் எழுதிய 2/5 எந்தக் கேள்விக்கான விடை?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். புத்தகத்தில் உள்ள மாதிரியே கணக்கு வந்தால் போட்டுவிடுவாள், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறாள். போன வாரம் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறாள். 0.4-ஐ விட 0.35 பெரியது என்கிறாள். அறிவியல் நோட்டில் ‘கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்’ என்று இருக்கிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ட்யூஷன் வைக்க வேண்டுமா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? எனக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

அரை மணி நேரம் போதும். இரண்டு ட்யூஷன் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கும் மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். இரண்டு எண்கள் சேர்ந்து ஒரே அளவைச் சொல்லும் இடத்தில், உங்கள் மகள் அவற்றைத் தனித்தனி எண்களாகவே பார்க்கிறாள். 1/2-ல் ஒரு 1, ஒரு 2. 0.35-ல் ஒரு 35. மிதக்கும் பொருளில் எடை மட்டும். அந்த எடை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது கண்ணில் படவில்லை. பின்னத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அடர்த்தியும் வேகமும் பாதி புரிந்த மாதிரி. அதனால்தான் இரண்டு பாடத்தையும் ஒரே இடத்தில் தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் அந்த 2/5-ஐ மதித்துப் பாருங்கள். ஒரு பையில் 2 பந்துகள், அதில் 1 சிவப்பு. இன்னொரு பையில் 3 பந்துகள், அதிலும் 1 சிவப்பு. இரண்டையும் ஒரே பையில் கொட்டினால் 5-ல் 2 சிவப்பு. அதாவது மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டுவது கலக்கும்போது சரியாக வரும் கணக்கு. அவள் அதைப் பின்னக் கூட்டலுக்குப் பயன்படுத்திவிட்டாள். கலந்தால் வரும் அளவு எப்போதும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 2/5 என்பது 1/3-ஐ விடப் பெரியது, 1/2-ஐ விடச் சிறியது. கூட்டினால் வரும் அளவோ இரண்டையும் தாண்ட வேண்டும். ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், அரையைவிடக் குறைந்துபோனதே, எப்படி?’ என்று அவளே கேட்கும் நாள்தான் நமக்கு வேண்டும். இதை இப்போதே விளக்கிச் சொல்லிவிடாதீர்கள். அவள் கையால் அளந்து பார்க்கட்டும்.

தொடங்கும் முன் ஒரு நாள் மட்டும் இந்த ஐந்து கேள்விகளைக் கொடுங்கள். சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல், ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்?
0.4, 0.35, 0.305. சிறியதிலிருந்து வரிசைப்படுத்து.
9/10 + 11/12. கணக்குப் போடாமல் சொல்: விடை 1, 2, 20, 22 இவற்றில் எதற்குப் பக்கத்தில்?
3 ÷ 1/2 எவ்வளவு?
ஒரு மரக்கட்டையைச் சரிபாதியாக வெட்டினால் அதன் அடர்த்தி என்ன ஆகும்?

முதல் கேள்விக்கு 12 என்றோ 17 என்றோ சொன்னால், சமன் குறியை ‘இங்கே விடை எழுது’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். மூன்றாவதற்கு 20 அல்லது 22 வந்தால் பின்னம் அவளுக்கு இன்னும் ஓர் அளவாகவில்லை. நான்காவதற்கு ‘ஒன்றரை’ என்பாள். வகுத்தால் குறையத்தான் வேண்டும் என்ற பழைய நம்பிக்கை அது. ஐந்தாவதற்கு ‘பாதியாகும்’ என்ற விடை வந்தால் எடையையும் அடர்த்தியையும் ஒன்றாக நினைக்கிறாள்.

இனி காகிதப் பட்டைகள். ஓர் ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். நீளத்தை 24 செ.மீ.க்கு வெட்டிவிட்டு, அகலத்தை 3 செ.மீ. வீதம் பிரித்தால் சரியாக ஏழு பட்டைகள் கிடைக்கும். ஒன்றை முழுசாக விட்டுவிடுங்கள். மற்ற ஆறில் அரை (12 செ.மீ.), மூன்றில் ஒன்று (8), கால் (6), ஆறில் ஒன்று (4), அரைக்கால் (3), பன்னிரண்டில் ஒன்று (2) என்று கோடுகள் போடச் சொல்லுங்கள். 24-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்த எல்லாப் பிரிவுக்கும் அது மீதியின்றி வகுபடும். பின்னங்களை முன்பக்கம் எழுதட்டும், சென்டிமீட்டரைப் பின்பக்கம் எழுதட்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் சென்டிமீட்டரை மட்டும் பார்த்துப் பின்னத்தை மறந்துவிடுவார்கள்.

இங்கே மூன்று பிழைகள் வழக்கமாக வரும். அடிக்கோலின் 0-விலிருந்து அளக்காமல் விளிம்பிலிருந்து அளப்பது ஒன்று. மூன்றாகப் பிரிக்க மடித்துப் பார்ப்பது இன்னொன்று. அரையும் காலும் மடித்தால் வரும், மூன்றில் ஒன்று கோணலாகத்தான் வரும், அதை அளந்தே ஆக வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணுவது. மூன்று பாகத்துக்கு நடுவில் இரண்டு கோடுகள்தான் வரும். இரண்டு கோடு இருப்பதால் ‘இரண்டாகப் பிரித்தேன்’ என்று அவள் சொன்னால், விரலை ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

பாடப்புத்தகங்களில் வரும் வட்டப் படங்களை நான் இந்த நிலையில் தவிர்க்கிறேன். வட்டத்தில் ஐந்தில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒன்றைத் தாண்டிய பின்னத்துக்கு இரண்டாவது வட்டம் தேவைப்படும். பட்டையை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போகலாம். அது அப்படியே எண்கோடாகிவிடும்.

இப்போது 1/2 + 1/3. அரைப் பட்டையில் 12 செ.மீ., அதன் முனையிலிருந்து மூன்றில் ஒன்று, அதாவது 8 செ.மீ. மொத்தம் 20. முழுப் பட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறில் ஒன்றுகள் ஐந்து சரியாகப் பொருந்தும்: 5/6. அடுத்து 2/5-ஐயும் முழுப் பட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். 24-ல் ஐந்தில் ஒன்று 4.8, ஐந்தில் இரண்டு 9.6 செ.மீ. அரைக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். நீங்கள் பேச வேண்டியதில்லை, பட்டை பேசிவிடும். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும்: அரையையும் மூன்றில் ஒன்றையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய மிகப் பெரிய துண்டு எது என்று தேடுகிறோம். ஆறில் ஒன்று இரண்டையும் அளக்கிறது. அதுதான் பொதுப் பகுதி.

பெருக்கலுக்கு நம் மொழியே கைகொடுக்கும். ‘அரைக்கால்’ என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. சொல்லுக்குள்ளேயே 1/2 × 1/4 இருக்கிறது. ‘காலே அரைக்கால்’ என்றால் காலும் அரைக்காலும் சேர்ந்தது, எட்டில் மூன்று. ஒட்டி நின்றால் பெருக்கல், நடுவில் ‘ஏ’ வந்தால் கூட்டல். 6 செ.மீ. துண்டில் பாதி 3 செ.மீ. என்று பட்டையிலும் காட்டலாம். பெருக்கினால் பெரிதாகும் என்ற எண்ணம் இங்கே உடையும். அதேபோல் 2/5-ஐ ‘இரண்டு பை ஐந்து’ என்று படிக்க விடாதீர்கள். ‘ஐந்தில் இரண்டு’ என்று படித்தால் முதலில் முழுமையைச் சொல்லி, பிறகு அதிலிருந்து எடுத்ததைச் சொல்கிறோம். இரண்டும் ஒரே பேச்சாக வந்துவிடும்.

வகுத்தலை ‘எத்தனை தடவை அடங்கும்’ என்று கேளுங்கள். 1/2 ÷ 1/3 என்பது 12 செ.மீ.க்குள் 8 செ.மீ. எத்தனை தடவை? ஒன்றரைத் தடவை. 3/4 ÷ 1/8 என்பது 18-க்குள் 3 எத்தனை? ஆறு. பத்துப் பன்னிரண்டு கணக்கு இப்படிப் போட்ட பிறகே ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற விதிக்குப் போங்கள். முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டால், எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்குவது என்பது பரீட்சை நேரத்தில் மறந்துபோகும்.

தசமத்துக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஒரு மீட்டர் நாடாவில் 0.4 மீட்டர் எங்கே, 0.35 மீட்டர் எங்கே என்று விரல் வைக்கச் சொன்னால் 40-ம் 35-ம் தெரிந்துவிடும். ‘பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து’ என்று வாசிக்கும் பழக்கம்தான் அவளை ஏமாற்றியிருக்கிறது. ‘புள்ளி மூன்று ஐந்து’ என்று வாசிக்கட்டும். விலையை வைத்துத் தசமம் சொல்லிக்கொடுக்காதீர்கள். விலையில் எப்போதும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருப்பதால் 0.4-க்கும் 0.305-க்கும் உள்ள சிக்கல் வெளியே வராது.

சமன் குறிக்கு ஒரு சின்னக் கண்டிப்பு வேண்டும். ‘8 + 4 = 12 + 5 = 17’ என்று ஓடவிட்டு எழுதுவது பெரியவர்களிடமும் இருக்கிறது. 8 + 4 என்பது 17-க்குச் சமமில்லை. ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள், நீங்களும் அப்படியே எழுதுங்கள். நடுநடுவே 12 = 7 + 5 என்று திருப்பியும் கொடுங்கள். எட்டாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

பட்டைகள் கைக்கு வந்தபின், அநேகமாக மூன்றாவது வாரத்தில், அறிவியலுக்கு வாருங்கள். தேவையானவை: ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் மின்னணுத் தராசு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், நூல், களிமண், கைக்குள் அடங்கும் ஒரு கல், ஒரு மரத்துண்டு.

கன அளவை அளவுக்குவளையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் வீட்டுக் குவளைகளில் 10 மி.லி.க்கு ஒரு கோடு இருந்தால், 5 மி.லி. வரை பிசகும். 20 மி.லி. இடம் பிடிக்கும் கல்லில் அது கால் பங்குத் தவறு. விடை எங்கோ போய்விடும், பிள்ளை நம்பிக்கை இழந்துவிடுவாள். இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எத்தனையோ, கல்லின் கன அளவு அத்தனை கன சென்டிமீட்டர். தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது. அதே அளவுக்குக் கல்லும் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கல் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால் எண்ணை மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

130 கிராம் கல்லைத் தொங்கவிட்டால் 50 என்று காட்டலாம். 130-ஐ 50-ஆல் வகுத்தால் 2.6. ஒரு கன செ.மீ. கல் 2.6 கிராம், அதுதான் கல்லின் அடர்த்தி. கல் அடியைத் தொட்டுவிட்டால் 50 சட்டென்று 130 பக்கம் ஏறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், கொஞ்சம் தூக்கினால் சரியாகும். கை நடுங்கினால் நூலை ஒரு பென்சிலில் கட்டி, தராசைத் தொடாதபடி இருபுறமும் புத்தக அடுக்கின் மேல் வையுங்கள். கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கன அளவு கூடிக் காட்டும். சின்ன ஆணி ஒன்றை இப்படி அளக்க முயலாதீர்கள். தராசே ஒரு கிராம் முன்பின் காட்டும்போது, 10 கன செ.மீ.க்கும் குறைவான பொருளில் வரும் எண்ணை நம்ப முடியாது. ஆணியோ திருகாணியோ 200 கிராமுக்குக் குறையாமல் ஒரு கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்பின் அடர்த்தி 7.9-க்குப் பக்கத்தில் வரும். மரத்துண்டை முதலில் உலர்ந்த நிலையில் எடை பார்த்துக்கொண்டு, பிறகு ஓர் ஊசியால் முழுகும் வரை மட்டும் அழுத்திப் பிடித்து எண்ணைப் பாருங்கள். நேரம் கடத்தினால் மரம் தண்ணீரைக் குடிக்கும்.

களிமண் உருண்டைதான் இந்தச் சோதனையின் உயிர். 120 கிராம் உருண்டை 70 கன செ.மீ. காட்டியது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாதியாக வெட்டினால் 60 கிராம், 35 கன செ.மீ. இன்னொரு பாதி வெட்டினால் 30-ம், 17 அல்லது 18-ம். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 1.7-ஐச் சுற்றியே வரும். இங்கே பட்டைகளைத் திரும்ப எடுங்கள். 12/24, 6/12, 3/6 எல்லாம் அரை. 120/70-ம் 60/35-ம் அப்படியே. சமான பின்னமும் அடர்த்தியும் ஒன்றே என்று அவள் வாயால் வந்தால், ஐந்தாவது கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிட்டது.

அளந்ததையெல்லாம் வரைபடத்தாளில் போடுங்கள். படுக்கையில் கன அளவு, செங்குத்தில் நிறை. களிமண்ணின் மூன்று புள்ளிகளும் தொடக்கப்புள்ளி வழியாகப் போகும் ஒரே கோட்டில் உட்காரும். தண்ணீருக்கு 50-க்கு 50, 100-க்கு 100 என்று ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே விழும் புள்ளிகள் மூழ்கும் பொருள்கள், கீழே விழுபவை மிதப்பவை. பனிக்கட்டியின் அடர்த்தி 0.92. அது கோட்டுக்கு மிக அருகே கீழே விழுவதால்தான் பெரும்பகுதி மூழ்கி, மேலே கொஞ்சமே தெரிகிறது. ‘கனமானது மூழ்கும்’ என்று எழுதிய நோட்டில், அவளே இந்தப் படத்தைப் பார்த்து அந்த வரியைத் திருத்தட்டும். அதே களிமண்ணைக் கிண்ணம் போலக் குழித்தால் மிதக்கும். உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து அது பிடிக்கும் இடம் கூடிவிட்டது, கிராம் கூடவில்லை.

இப்போது கலத்தலுக்குத் திரும்பலாம். 50 டிகிரி வெந்நீர் 100 மி.லி., 20 டிகிரி தண்ணீர் 200 மி.லி. கலந்தால் என்ன வெப்பநிலை? முதலில் 70 என்பாள், யோசித்தால் 35 என்பாள். கலந்து வெப்பமானியை வைத்தால் 30-க்குச் சற்றுக் கீழே நிற்கும் (பாத்திரமும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்). 100 × 50 + 200 × 20 = 9000; அதை 300-க்குப் பங்கிட்டால் 30. மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டியிருக்கிறோம், இங்கே அது சரி.

அடுத்தது வேகம். 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 50 இல்லை. போக 120/2, வர 120/3, மொத்தம் 240/5, அதாவது 48. அந்த எண்களை நன்றாகப் பாருங்கள்: 2, 3, 5. அவள் நோட்டில் எழுதிய அதே 1/2, 1/3, 2/5 தான், 120 மடங்காக. அவளிடம் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டிய நாள் இதுதான். அவளுடைய விடை எந்தக் கேள்விக்குப் பொருந்தும், எந்தக் கேள்விக்குப் பொருந்தாது என்று அவளே சொல்லட்டும்.

இரண்டு விஷயங்களில் உறுதியாக இருங்கள். அடர்த்தி, நிறை, கன அளவை ஒரு முக்கோணத்தில் எழுதி ஒன்றை விரலால் மறைக்கும் உத்தி வேண்டாம். முக்கோணத்தைத் தப்பாக எழுதினால் திருத்திக்கொள்ள எந்தத் துப்பும் அதில் கிடையாது. அலகே வழி சொல்லும்: கிராம்/கன செ.மீ. என்றால் கிராமைக் கன சென்டிமீட்டரால் வகுக்கச் சொல்கிறது. விடையின் ஒவ்வொரு வரியிலும் அலகு இருக்க வேண்டும், கடைசி வரியில் மட்டும் ஒட்டக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 100 × 100, பத்தாயிரம். இரண்டாவது, ‘மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி’ என்ற சொல்வேட்டை வேண்டாம். மாற்றிக் கேட்டால் அவள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கணக்கைப் படித்ததும் எண்களைத் தொடும் முன், விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று ஒரு வாய்ச்சொல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரம் ஐந்து நாள், 25 நிமிடம். முதல் 5 நிமிடம் பழைய கணக்கு இரண்டு, அதில் ஒன்று போன வாரத்தது. அடுத்த 15 நிமிடம் கையால் செய்யும் வேலை. கடைசி 5 நிமிடம் செய்ததை எண்ணிலும் குறியிலும் எழுதுவது. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் பட்டை ஒரு விளையாட்டாகவும், நோட்டு வேறொரு உலகமாகவும் பிரிந்துவிடும். நடுவில் பள்ளித் தேர்வு வந்தால் வகுப்பில் சொன்ன முறையிலேயே எழுதட்டும், சண்டை வேண்டாம்.

ஒரு நிலையில் மட்டும் வெளி உதவி தேடுங்கள். 6 + 7 போன்றவற்றுக்கு இன்றும் விரல் விட வேண்டியிருந்தால், 68-ம் 86-ம் எது பெரியது என்பதில் தயங்கினால், கடிகாரம் பார்க்கத் திணறினால், அது ட்யூஷனால் தீராது. கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த சிறப்பு ஆசிரியரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தென்படவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே ஐந்து கேள்விகளை எண்களை மாற்றிக் கொடுங்கள். மூன்றாவதை மட்டும் மாற்றாமல் விடுங்கள். ‘ரெண்டுமே ஒன்றுக்குக் கிட்டத்தட்ட இருக்கு, அதனால 2’ என்று சொன்னால் சதவீதத்துக்குப் போகலாம். இன்னமும் 20 என்றால், முழுப் பட்டையில் 9/10-ஐ 21.6 செ.மீ.யிலும் 11/12-ஐ 22 செ.மீ.யிலும் குறிக்கச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு வாரம் பட்டையோடு இருங்கள்.